வசனம் இல்லாத நேரத்துல உங்க முகம் என்ன பண்ணுது?

"நடிகர் நடிகைகள் தேவை"ன்னு ஒரு போஸ்டர் வருது. வயசு 20ல இருந்து 30. தமிழ் நல்லாப் பேசணும். ஒரு நிமிஷ வீடியோ அனுப்பணும். பழைய பட வசனம் வேண்டாம். (இந்தக் கடைசி வரிய மட்டும் தடிச்ச எழுத்துல போட்டு அடிக்கோடும் இழுத்திருப்பாங்க. பாவம், எவ்வளவு பட்டிருக்காங்களோ.) அதுக்குக் கீழயே கமெண்ட்ல வீடியோ லிங்க்கா வந்து விழும். திறந்தா பஞ்ச் டயலாக். பின்னாடி மாஸ் பிஜிஎம். ஸ்லோமோஷன்ல கூலிங் கிளாஸ் மாட்டுறது. ஃபில்டர் போட்டதுல மூக்குல பாதியக் காணோம். கடைசில "சப்போர்ட் பண்ணுங்க நண்பர்களே".

எரிச்சல்தான் வருது. ஆனா அந்தப் பசங்க மேல இல்ல, ஆடிஷன் டேப்னா இதுதான்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவங்க மேல. அதுல பல பேருக்கு நல்ல குரல் இருக்கு, நல்ல கண்ணு இருக்கு. ரெண்டையும் பாட்டும் எடிட்டிங்கும் சேர்ந்து அமுக்கி வச்சிருக்கு. ஆடிஷன் டேப் பத்தி இணையத்துல கிடைக்கிற அறிவுரைல முக்கால்வாசி லைட்டு, கேமரா, பேக்ரவுண்டு பத்தினதுதான். அதுவும் தேவை, நானும் கீழ சொல்றேன். ஆனா என் கட்சி வேற. நீங்க தேறுறதும் தேறாததும் உங்க வசனத்துல முடிவாகுறது ரொம்பக் கம்மி. எதிராளி பேசுறப்போ அத நீங்க எப்படிக் கேக்குறீங்க, அங்கதான் முக்கால்வாசி முடிவாகுது. கொஞ்சம் ஓவரா சொல்ற மாதிரி இருக்கா? இருங்க, ஒவ்வொண்ணா வரேன்.

முதல்ல, இந்த வசன மோகம் நமக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கணும். தமிழ் சினிமா நாடக மேடைல இருந்து வந்தது. மேடைல கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கிறவருக்கு உங்க கண்ணு தெரியாது, குரல்தான் போய்ச் சேரும். அதனால குரல்தான் நடிப்புன்னு ஆச்சு. 1952ல பராசக்தி வந்து அந்த கோர்ட் சீன் ஊரெல்லாம் மனப்பாடம் ஆனதுக்கு அப்புறம், வாய்ப்பு தேடிப் போற ஆள் அத மூச்சு விடாம பேசிக் காட்டுறதே ஒரு வழக்கமாப் போச்சு. அந்தக் காலத்துக்கு அது நியாயம். தமிழ் உச்சரிப்பு, மூச்சு, ஞாபக சக்தி மூணையும் ஒரே கல்லுல சோதிச்சிடலாம். ஆனா இப்போ கேமரா உங்க முகத்துல இருந்து ரெண்டடி தூரத்துல நிக்குது. கடைசி பெஞ்சுன்னு ஒண்ணே இல்ல. இன்னமும் நாம அந்த பெஞ்சுக்குக் கேக்கணும்னு கத்திக்கிட்டு இருக்கோம்.

சினிமால ஒரு சீன் எப்படி வெட்டி ஒட்டப்படுதுன்னு பாருங்க. ரெண்டு பேர் பேசுறாங்க. எப்பவும் பேசுறவர் முகத்தையே காட்டிக்கிட்டு இருந்தா அது செய்தி வாசிக்கிற மாதிரி ஆயிடும். அதனால எடிட்டர் கேக்குறவர் முகத்துக்குப் போவார். "உங்க அப்பா இறந்துட்டார்"னு ஒருத்தர் சொல்றப்போ நாம பாக்க விரும்புறது சொன்னவர இல்ல. செட்டுல ஒவ்வொரு சீனுக்கும் தனியா ரியாக்‌ஷன் ஷாட் எடுத்து வச்சுக்கறது இதுக்குத்தான். ஆக ஒரு நடிகர் திரைல இருக்கற நேரத்துல கணிசமான பங்கு வாயைத் திறக்காம இருக்கற நேரம். டேப் பாக்குற டைரக்டரோ உதவி இயக்குநரோ தேடுறதும் அந்த ஆளத்தான். வசனம் கொஞ்சம் சொதப்புனா டப்பிங்ல சரி பண்ணிக்கலாம். கேக்கவே தெரியாத முகத்த எதுல சரி பண்றது?

இங்க விஷயம் தெரிஞ்சவங்க ஒரு கொக்கி போடுவாங்க. லெவ் குலெஷோவ்னு ஒரு ரஷ்ய டைரக்டர் பண்ணின பரிசோதனை சினிமா படிச்சவங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு நடிகரோட உணர்ச்சியே இல்லாத ஒரே முகத்த ஒருதடவ சூப் கிண்ணத்தோட, ஒருதடவ சவப்பெட்டியோட, இப்படி மாத்தி மாத்தி ஒட்டிக் காட்டினார். பாத்தவங்க பசின்னாங்க, துக்கம்னாங்க. முகம் என்னவோ ஒண்ணுதான். அப்போ ரியாக்‌ஷனே எடிட்டர் வேலைதானே, நடிகர் எதுக்கு அலட்டிக்கணும்? நல்ல கேள்வி. ஆனா படத்துக்கு இருக்கற வசதி டேப்புக்குக் கிடையாது. டேப்புல எதிர் ஷாட்டே இல்ல. சூப் கிண்ணம் இல்ல, சவப்பெட்டி இல்ல, ஹீரோயின் இல்ல, வில்லன் இல்ல. ஒரு சுவரும் உங்க முகமும்தான். எதிர்ல யார் நிக்கிறாங்க, அவங்க எவ்வளவு முக்கியம், அவங்க சொன்னது உங்களச் சுட்டுதா இல்லையாங்கறது எல்லாத்தையும் உங்க கண்ணுல இருந்துதான் பாக்கறவர் கண்டுபிடிக்கணும். படத்துல எடிட்டர் செய்யற வேலையும் டேப்புல உங்க தலைலதான் விழுது. குலெஷோவ் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்றார்.

அடுத்த சாட்சி ஒரு சின்னப் பையன். 1982ல வந்த ஈ.டி. படத்துக்கு ஹென்றி தாமஸ் கொடுத்த ஆடிஷன் வீடியோ இணையத்துல கிடைக்குது, பாக்காதவங்க பாத்துட்டு வாங்க. பத்து வயசு வாக்குல ஒரு பையன் உக்காந்திருக்கான். கேமராவுக்கு வெளிய இருந்து ஒரு ஆம்பளைக் குரல் மட்டும் வருது. உன் நண்பன நாங்க கூட்டிட்டுப் போறோம்னு அந்தக் குரல் அதிகாரி மாதிரி பேசுது. பையன் முதல்ல கேக்குறான். அந்த நேரத்துல அவன் முகத்துல ஒவ்வொரு வார்த்தையும் போய் இறங்குறத நாம பாக்குறோம். அப்புறம்தான் கண்ணீர் வருது. செத்துப்போன தன் நாய நினைச்சுக்கிட்டேன்னு பின்னாடி அவரே பேட்டில சொல்லியிருக்கார். கடைசில டைரக்டர் ஸ்பீல்பெர்க் குரல்ல அங்கயே வேலை உறுதியாகுது. எல்லாரும் அந்த அழுகையப் பத்தித்தான் பேசுவாங்க. என்னக் கேட்டா அழுகை வர்றதுக்கு முன்னாடி இருக்கற பகுதிலயே முடிவு ஆயிடுச்சு. அந்தக் குரல அவன் நம்பிட்டான். அவன் நம்புனதால நாமளும் நம்பிட்டோம்.

சின்னப் பையன விடுங்க, பெரிய ஆளுக்கு வருவோம். காட்ஃபாதர் படத்துக்கு மார்லன் பிராண்டோ வேணும்னு டைரக்டர் கொப்போலா கேட்டப்போ பாரமவுண்ட் ஸ்டுடியோ நிர்வாகம் ஒத்துக்கல. ஸ்கிரீன் டெஸ்ட் குடுத்தாத்தான் ஆச்சுன்னாங்க. பிராண்டோகிட்ட போய் டெஸ்ட்டுன்னு சொல்ல யாருக்கு தைரியம்? மேக்கப் எப்படி வருதுன்னு சும்மா பாக்கலாம்னு சொல்லி கொப்போலா ஒரு சின்ன குழுவோட அவர் வீட்டுக்கே போனார். பிராண்டோ தலைல ஷூ பாலிஷ் தடவினார், கன்னத்துக்குள்ள டிஷ்யூ பேப்பர அடைச்சார், கிழவரா மாறினார். அதுல வசனம்னு சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, வெறும் முணுமுணுப்புதான். அத நியூயார்க்ல முதலாளிகளுக்குப் போட்டுக் காட்டினாங்க, கதை முடிஞ்சது. உலகத்துலயே ரொம்பப் பிரபலமான ஆடிஷன்கள்ல ஒண்ணு, வீட்டு ஹால்ல எடுத்தது, வசனமே இல்லாதது.

சரி, இத வச்சு என்ன பண்ணலாம்? டேப்புக்கு நீங்க தேட வேண்டிய முதல் உபகரணம் ரிங் லைட் இல்ல, ஒரு மனுஷன். எதிர்ல உக்காந்து மத்த கேரக்டரோட வசனத்தப் படிச்சு க்யூ குடுக்குற ஆள். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி வச்ச குரலுக்கு நடிக்கிறது கடைசி வழி. ஏன்னா பதிவான குரல் உங்களுக்காகக் காத்திருக்காது. நீங்க ஒரு நொடி அதிகமா எடுத்துக்கிட்டா அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிடும். நீங்களும் அத விரட்டிப் பிடிக்க ஆரம்பிச்சிடுவீங்க, முகத்துல அந்தப் பதட்டம் அப்படியே தெரியும். உயிருள்ள ஆள்னா அவர் உங்களப் பாக்குறார், நீங்க அவரப் பாக்குறீங்க. அவர் நடிக்கத் தெரிஞ்சவரா இருக்கணும்னு அவசியமே இல்ல. நிதானமா, அர்த்தம் புரிஞ்சு படிச்சாப் போதும். நடிக்கத் தெரிஞ்ச நண்பர் கொஞ்சம் ஆபத்துன்னே சொல்லுவேன். (பாதி பேர் தன் ஆடிஷனா நினைச்சுக்குவாங்க.)

அவர எங்க நிக்க வைக்கிறதுங்கறது அடுத்தது. கேமராவுக்கு ஒட்டினாப்புல, லென்ஸ் உயரத்துலயே அவர் கண்ணு இருக்கணும். உங்க பார்வை போக வேண்டியது அங்கதான். லென்ஸையே பாத்துப் பேசுனா நீங்க எதிராளியோட பேசல, டேப் பாக்குற உதவி இயக்குநர மிரட்டுறீங்க. (அவர் காலைலயிருந்து நூறு பேரப் பாத்திருப்பார், அவரையும் சும்மா விடுங்க.) ரொம்ப தள்ளி நிக்க வச்சீங்கன்னா பக்கவாட்டு முகம்தான் பதிவாகும், ஒரு கண்ணு காணாமப் போயிடும். கேக்குற கண்ணத்தானே காட்ட வந்தோம்? ஒலில ஒரு சிக்கல் வரும்: படிக்கிறவர் மைக்குக்குப் பக்கத்துல இருக்கறதால அவர் குரல் பெருசாவும் உங்க குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரியும் இருக்கும். அவர மெதுவாப் பேசச் சொல்லுங்க, இல்லன்னா உங்க சட்டைல ஒரு காலர் மைக் மாட்டிக்கங்க. ஃபேன நிறுத்துங்க. ஆமா, சென்னைலயும்தான். ரெண்டு நிமிஷம் வேர்த்தா ஒண்ணும் ஆகாது, ஃபேன் சத்தத்துக்கு நடுவுல ஒரு பெருமூச்சு காணாமப் போனா அது திரும்ப வராது.

லைட்டு, கேமரா எல்லாத்துக்கும் இதே கணக்குதான்: கண்ணு தெரியுதா, மூச்சு கேக்குதா. ஹவுஸ்ங்கற அமெரிக்க டிவி தொடருக்கு நடிகர் ஹியூ லாரி டேப் குடுத்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஃப்ளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ் படத்துக்காக நமீபியால இருந்தார். ஹோட்டல் பாத்ரூம்ல மட்டும்தான் போதுமான வெளிச்சம் இருந்துச்சுன்னு அங்கயே நின்னு எடுத்து அனுப்பினார். ஷேவ் கூட பண்ணல. அத பாத்த டைரக்டர் பிரையன் சிங்கர், இந்த மாதிரி ஒரு அமெரிக்கனத்தான் தேடினேன்னு சந்தோஷப்பட்டாராம். லாரி பக்கா இங்கிலாந்துக்காரர்! 2004ல தொடர் ஆரம்பிச்சு எட்டு சீசன் ஓடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது அவர் பாத்ரூம்ல எடுத்ததையும் தாண்டி, வெளிச்சத்தத் தேடிப் போனதுதான். பின்னாடி டைல்ஸ் தெரிஞ்சா தெரியட்டும், முகம் இருட்டுல போகக் கூடாதுன்னு முடிவு பண்ணினார். நம்ம வீட்டுல ஜன்னலப் பாத்து நின்னா அந்த வெளிச்சம் பைசா செலவில்லாமக் கிடைக்கும். ஜன்னல முதுகுக்குப் பின்னாடி வச்சா நிழலுருவம்தான். மார்பளவு ஃபிரேம், ஃபோன் படுக்கை வசமா, அடியில புத்தகத்த அடுக்கியாவது கண்ணு மட்டத்துல, பின்னாடி வெறும் சுவர். ஃபில்டர் போட்டா சின்னச் சின்னச் சுருக்கமும் தசை அசைவும்தான் முதல்ல அழியும், அதாவது ரியாக்‌ஷன். காசு குடுத்து உங்க ஆயுதத்த நீங்களே ஒப்படைக்கிற வேலை.

"எனக்கு வந்தது தனி வசனம்தான், எதிர்ல யாருமே பேசலையே, நான் யார் சொல்றதக் கேக்குறது?" இது நியாயமான ஆட்சேபம். ஒரு பக்க வசனம் குடுத்து பேசி அனுப்புங்கன்னு சொல்றது இங்க சாதாரணம். ஆனா உலகத்துல யாருமே ஒரு நிமிஷம் தொடர்ந்து பேசுறது எதிராளி இடையில புகாத வரைக்கும்தான். நீங்க பேசப் பேச அவர் முகம் மாறுது, அத பாத்துத்தான் உங்க அடுத்த வரி வருது. "உன்ன நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்"னு ஒரு வரி இருக்குன்னு வைங்க. அதுக்கு அவர் தலைகுனிஞ்சா அடுத்த வரி ஒரு மாதிரி வரும், சிரிச்சா வேற மாதிரி வரும். எதுன்னு நீங்க முடிவு பண்ணி, அது நடக்க ஒரு நொடி இடம் விட்டுட்டு அப்புறம் பேசுங்க. தனி வசனத்துல பெரும்பாலானவங்க கோட்டை விடுற இடம் இந்த இடைவெளிதான். மறந்துடுவோமோங்கற பயத்துல ஒரே மூச்சுல கொட்டி முடிச்சிடுவாங்க.

மறக்கறதப் பத்தி ஒரு சின்ன விஷயம். 2023ல அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் ஸ்டிரைக் பண்ணி வாங்கின ஒப்பந்தத்துல செல்ஃப் டேப்புக்குன்னே விதிகள் இருக்கு. டேப் அனுப்ப குறைஞ்சது 48 மணி நேரம் அவகாசம் குடுக்கணும், வசனத்த மனப்பாடம் பண்ணணும்னு கட்டாயப்படுத்தக் கூடாது. (நம்ம ஊர்ல "நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள அனுப்புங்க"ன்னு ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வரும். அதுக்கு ஒரு ஸ்டிரைக் எப்போ வரும்னு தெரியல.) அந்த விதிய நான் படிக்கிறது இப்படித்தான்: ஆடிஷன்ல ஞாபக சக்திக்குப் பரிசு இல்லன்னு தொழிலே எழுத்துல ஒத்துக்கிச்சு. மனப்பாடம் பண்ணுங்க, நல்லது. ஆனா எதுக்காகப் பண்றோம்? அடுத்து என்ன வரின்னு தலைக்குள்ள தேடாம எதிராளியக் கவனிக்கணும், அதுக்குத்தான்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் சூடா வரும். "இது ஆர்ட் படத்துக்குச் சரி, நமக்கு மாஸ்தான். வசனம் பேசத் தெரியாதவன எவன் பாப்பான்?" மாஸ்னு சொன்னதும் நினைவுக்கு வர்ற பேர் ரஜினிகாந்த். 1975ல அபூர்வ ராகங்கள்ல பாலசந்தர் அறிமுகப்படுத்தினப்போ அவருக்குத் தமிழ் சரளமா வராது, போய்த் தமிழ் கத்துக்கோன்னு சொல்லித்தான் சேத்துக்கிட்டார். தமிழ் வசனம் பேசிக் காட்டி வாங்கின வாய்ப்பு இல்ல அது. கண்ணுல, நடையில, நிக்கிற தோரணையில என்னவோ இருந்துச்சு, அத ஒருத்தர் பாத்தார். இன்னொரு பக்கம் விஜய் சேதுபதி. கூத்துப்பட்டறை நாடகக் குழுவுல கணக்கு எழுதுற வேலை பாத்துக்கிட்டே அங்க இருந்த நடிகர்களப் பக்கத்துல இருந்து கவனிச்சவர். அவர் படங்கள்ல எதிராளி பேசுறப்போ அவர் என்ன பண்றார்னு மட்டும் ஒருதடவ பாருங்க. சவுண்ட ஆஃப் பண்ணிட்டே கூட பாக்கலாம்.

"அப்போ டேக்கர் மான்ட்கோமரி?"னு சிலர் கேப்பாங்க. ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரோட ரெண்டாவது சீசன்ல பில்லியா வந்த ஆஸ்திரேலியப் பையன். எண்பதுகள் பாட்டுக்கு அரைகுறை உடையில ஆடி டேப் அனுப்பி வாய்ப்பு வாங்கினவர். நான் திட்டுற கிம்மிக்கெல்லாம் அதுல இருக்கே? இருக்கு. ஆனா அந்த கேரக்டரே எண்பதுகள்ல ஊருக்குள்ள நுழைஞ்சு எல்லார் கண்ணையும் இழுக்கற திமிர் பிடிச்ச ஆள். ஆட்டம் அலங்காரமா வரல, கேரக்டராவே வந்துச்சு. பிராண்டோவோட ஷூ பாலிஷும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பொறுப்பான அண்ணன் கேரக்டருக்கு அதே ஆட்டத்த அனுப்பினா என்ன ஆகும்? அதுவும் போக, ஆடித் தேறினவர் டேப் நமக்குத் தெரியுது. ஆடித் தேறாதவங்க டேப்ப யாரும் வெளியிடுறதில்ல.

இருக்கறதுலயே கஷ்டமான ஆட்சேபம் கடைசி: "என்னதான் பண்ணினாலும் தெரிஞ்சவங்களுக்குத்தான் வாய்ப்பு." இத நான் முழுசா மறுக்க மாட்டேன். சிபாரிசு இருக்கு, முன்னாடியே ஆள முடிவு பண்ணிட்டு கண்துடைப்புக்கு நடத்துற ஆடிஷனும் இருக்கு. நல்ல டேப் வாய்ப்ப உறுதி பண்ணாது. ஆனா ரெண்டு விஷயம். லாபதா லேடீஸ் படத்துல போலீஸ் அதிகாரி வேஷத்துக்கு ஆமிர் கானே ஆடிஷன் குடுத்தார். அவர்தான் அந்தப் படத்தோட தயாரிப்பாளர்கள்ல ஒருத்தர், டைரக்டர் கிரண் ராவ் அவரோட முன்னாள் மனைவி. இதுக்கு மேல தெரிஞ்சவங்க யார் வேணும்? வேஷம் ரவி கிஷனுக்குப் போச்சு. அந்த ஆடிஷன் வீடியோவ 2025ல அவங்களே வெளியிட்டாங்க, பாருங்க, மோசமான நடிப்பே இல்ல. பொருந்தல, அவ்வளவுதான். ரெண்டாவது, ராபர்ட் டி நீரோ. காட்ஃபாதர்ல சானி வேஷத்துக்கு டெஸ்ட் குடுத்தார், கிடைக்கல, ஜேம்ஸ் கானுக்குப் போச்சு. அந்த டெஸ்ட்ட கொப்போலா மறக்கல. 1974ல ரெண்டாம் பாகத்துல இளவயசு விட்டோவா கூப்பிட்டார், ஆஸ்கரும் வந்துச்சு. தேறாத டேப் எல்லாம் குப்பைக்குப் போறதில்ல, சிலது ஒருத்தர் மண்டைக்குள்ள உக்காந்திருக்கும். அங்க உக்கார்றதுக்கு கூலிங் கிளாஸ் பத்தாது.

(இன்னொண்ணு: டேப் அனுப்ப, செலக்ட் ஆக, ப்ரொஃபைல் போட்டு வைக்கன்னு எதுக்காவது பணம் கேட்டா அது ஆடிஷனே இல்ல. போர்ட்ஃபோலியோவ எங்க ஸ்டுடியோவுலதான் எடுக்கணும்னாலும் அதே. டேப்புலயே உடை குறைக்கச் சொன்னா பேசவே பேசாதீங்க, பிளாக் பண்ணுங்க.)

அனுப்புறது சுலபமான வேலைதான், ஆனா அங்கயும் கெடுத்துக்கறாங்க. கேட்டிருந்தா மட்டும் அறிமுகம்: பேர், வயசு, உயரம், ஊர், தெரிஞ்ச மொழி, லெஃப்ட் ரைட் முகம், முடிஞ்சது. வாட்ஸ்அப்ல சாதாரண வீடியோவா அனுப்புனா அமுக்கி அனுப்பும், தெளிவு போயிடும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்ல டிரைவ் லிங்க்கா, திறக்க அனுமதி குடுத்து. ஃபைலுக்கு உங்க பேரும் கேரக்டர் பேரும் வைங்க. எந்த டேக்க அனுப்புறதுன்னு குழப்பம் வந்தா, வசனம் பிசிறில்லாம வந்தத விட்டுட்டு எதிராளி பேசுறப்போ உங்க முகம் உயிரோட இருந்தத எடுங்க.

நடிக்கிற எண்ணமே இல்லாம இதுவரைக்கும் படிச்சவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க தம்பியோ, தோழியோ, ரூம்மேட்டோ "எதிர்ல உக்காந்து இத கொஞ்சம் படிச்சுக் காட்டேன், ஆடிஷனுக்கு"ன்னு கேட்டா, சிரிக்காம போய் உக்காருங்க. ஃபோன சைலண்ட்ல போடுங்க, பேப்பரையே பாக்காம அவங்க கண்ணப் பாத்து மெதுவாப் படிங்க, அவங்க நாலாவது டேக் கேட்டாலும் முகம் சுளிக்காதீங்க. அவங்களுக்கு வேண்டிய பெரிய உதவி அதுதான்.